பேர் வெட்டிய போசி

பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் அக்காவுக்குக் கல்யாணச் சீர் என்று ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. அவளுடன் பிறந்த மூத்தவள் பாவாயி, எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷமே தங்கையைப் பாவாயியின் புருஷன் ராசப்பனுக்கே கட்டிவைத்தார்கள். "பண்டபாத்திரமெல்லாம் அங்கியே இருக்குதே, எதுக்குப் புதுசு?" என்றாராம் பெற்ற அப்பன். நல்ல சிக்கனம்!

இருந்ததுதான். எல்லாவற்றிலும் 'பாவாயி' என்று பேர் வெட்டியிருந்தது. டீ வைக்கிற எவர்சில்வர் போசிக்கு அந்த வீட்டில் பெயரே பாவாயி போசி. மாமியார் அப்படிச் சொன்னாள், ராசப்பன் மாமா சொன்னார், பக்கத்து வீட்டுக்கு வாழவந்த நானும் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் அக்கா அதில்தான் டீ வைத்தாள்.

போன தையில் ராதிகாவுக்கு, அந்த எட்டு மாதக் குழந்தைக்குத்தான், சேந்தமங்கலத்தில் கல்யாணம். புறப்படும்போது, "அந்தப் போசிய எடுத்துக்கட்டுங்களா சின்னம்மா? அம்மா பேரு போட்டிருக்குது" என்று கேட்டாள். வளர்த்து ஆளாக்கியவள் இன்னும் சின்னம்மாதானா என்று எனக்குத்தான் வயிறு எரிந்தது. அக்கா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கையில் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அக்கா சோளக்காட்டுச் சந்தையில் மிளகை விற்றுவிட்டுச் சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள். புதுப் போசி வாங்கி, தன் பேரை வெட்டச் சொல்லி, எங்கள் மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக்கொண்டே மலையேறி நேராக என்னிடம் வந்தாள்.

"படிச்சுச் சொல்லு கண்ணு."

"சின்னாத்தாள்" என்று படித்தேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. இனிமேலாவது அந்த வீட்டில் தன் பேர் புழங்கும் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

மறுநாள் சாயங்காலம் உறைமோர் வாங்கப் போனேன். அக்கா வாசலில் கோழியை அடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் புதுப் போசியில் டீ பொங்கி வழியப் பார்த்தது.

"அக்கா, பாவாயி போசி பொங்குதுங்க!" என்று கத்திவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்கா ஓடிவந்து முந்தானையால் பிடித்து இறக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"உடு கண்ணு. பாவாயி போசியில இன்னும் டீ இருக்குதான்னு காத்தால உங்க மாமனும் கேட்டாரு. நானும் இருக்குதுன்னுதான் சொன்னேன்."