அடுத்த சனிக்கிழமை ஓடப்போகும் கார்

எங்கள் வீட்டில் ஒரு கார், மாதக் கணக்கில், அடுத்த சனிக்கிழமை ஓடப்போவதாகவே இருந்தது. எந்தச் சனிக்கிழமை என்று கேட்டால் வாற சனிக்கிழமை என்பார் அப்பா. அந்தச் சனிக்கிழமை வந்ததும் அதற்கு அடுத்ததைக் கைகாட்டுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு வரக்கூடாத அளவு எரிச்சல் எனக்கு அந்தக் காரால் வந்தது. இன்றைக்கும் நோர்வேயில் நாங்கள் அப்போது இருந்த ஸ்டோவ்னர் பக்கம் போய் அந்தக் கராஜ் வரிசையைக் கண்டால் என்னை அறியாமல் பல்லைக் கடிக்கிறேன்.

கார் மாமாவுடையது. பழைய அமெரிக்கக் கார். நீண்ட மூக்கும் இரண்டே கதவுகளும் எட்டுச் சிலிண்டர் எஞ்சினுமாக, நோர்வேக்காரர் வழியில் கண்டால் நின்று தொப்பியைக் கழற்றிப் பார்க்கிற சாதி. மாமா அம்மாவின் தம்பி. துரொண்ட்ஹெய்மில் படித்து, அங்கேயே வேலை எடுத்து, அங்கேயே கல்யாணமும் கட்டி இருந்தவர். ஒரு மாரிகாலத்தில் திடீரென்று ஒரு பையோடு வந்து எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் படுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரு லொறியில் அந்தக் காரும் வந்தது. மாமி வரவில்லை. மாமி எங்கே என்று கேட்டதற்கு, "மாமிக்கு அங்கை வேலை" என்றார் அம்மா. நானும் நம்பினேன்.

மாமாவின் கார் எங்கள் கராஜுக்குள் போனது. அதனால் எங்கள் கார் பனிக்குள் நின்றது. காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் வேலை எனக்கு. கராஜில் இருந்த என் சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் என் அறைக்கு இடம்பெயர்ந்தன. நான் கோடையிலும் சறுக்குக் கட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தெழும்பியவள். ஓடாத ஒரு காருக்காக ஒரு குடும்பமே ஒதுங்கி வாழ்ந்தது என்றால் மிகையில்லை.

மாமாவோ அந்தக் காரை எட்டியும் பார்க்கவில்லை. அறையின் திரையைக்கூட அவர் விலக்குவதில்லை. அம்மா சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவடியில் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தபடி நிற்பார். வீட்டில் இருந்த குளிசைகள் எல்லாம், காய்ச்சலுக்குப் போடுவது உட்பட, அம்மாவின் கைப்பைக்குள் குடிபோயின. எனக்குத் தலையிடித்தால் அம்மா வேலையால் வரும்வரை காத்திருக்க வேண்டும். மாமா நித்திரைப் பிரியர், அம்மாவுக்கு ஞாபக மறதி என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். வயது போனவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாயில் சோறூட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் அம்மா அவரைக் கூப்பிடமாட்டார், தானே அடிப்பார். அப்படிப்பட்ட அப்பா ஒரு சனிக்கிழமை கராஜுக்குப் போய், மாமாவின் காரின் முன் விளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். வைத்ததோடு நில்லாமல் ஒரு சுத்தியலையும் எடுத்து, ஊருக்கே கேட்கத் தட்டத் தொடங்கினார்.

கீழேயிருந்து மாமா ஏறிவந்தார். கசங்கிய இரவு உடுப்பு, தாடி.

"அத்தான், அதை ஏன் கழட்டினனீங்கள்?"

"துருப்பிடிச்சுக் கிடக்குத் தம்பி. நான் முழுக்கத் திருத்தித் தாறன்."

"நீங்களோ?"

மாமா அந்த விளக்கைப் பிள்ளையைப் பறிப்பதுபோல் பறித்தார். இரவு உடுப்பின் மேலேயே குளிர் யாக்கெற்றைப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கி நடந்தார். அப்பா பின்னாலே ஓடினார். இருவரும் இருட்டிய பிறகுதான் திரும்பினார்கள், கையெல்லாம் கிறீஸ். மேசை விரிப்பிலும் கிறீஸ். நான் குளிர்பானம் சிந்தினால் குடும்ப மானமே போய்விட்டதாகக் கத்துகிற அம்மா, அந்த விரிப்பைச் சத்தமில்லாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. மாமா கெட்டிக்காரர், அதை மறைக்க முடியாது. பனிக்கு வீதியில் கொட்டுகிற உப்புத் தின்ற அடித்தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு ஒட்டினார். எஞ்சினைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் திருகாணியையும் அதன் சுரையையும் ஒவ்வொரு தயிர் டப்பாவில் போட்டு, டப்பாவின்மேல் எழுதி அடுக்கிவைத்தார். அந்த டப்பாக்களுக்காக நாங்கள் தின்ற தயிர் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, அப்பா உதவி செய்கிறேன் என்று ஒரு நாள் அத்தனை டப்பாவையும் ஒரே வாளிக்குள் கொட்டிச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவைத்தார். பளபளவென்று ஒரு வாளி ஆணி. எது எதனுடையது என்று கண்டுபிடிக்க மாமாவுக்கு அந்த மாதம் முழுவதும் பிடித்தது.

பிறகு கண்ணாடி ரப்பர். மாமா அளந்து கொடுத்ததை விட்டுவிட்டு வேறொரு மொடலுக்கான ரப்பரை அப்பா அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். அது வந்து, திரும்பிப் போய், சரியானது வருவதற்குள் பனி கரைந்துவிட்டது.

எஞ்சின் பூட்டி முடிந்ததும் அப்பாவுக்குத் திடீரென்று பஞ்சாங்கத்தில் பக்தி பிறந்தது. கோயிலுக்கு வாருங்கள் என்றால் முழங்கால் நோகிறது என்பவர். எங்கள் வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கிப் பூட்டைத் திறந்ததே ராகுகாலத்தில்தான் என்று அம்மா சொல்லிக்காட்டுவார். அப்படிப்பட்டவர், எஞ்சினை ஸ்ராட் பண்ணுவோம் என்று மாமா சொன்னதும், இன்றைக்கு அட்டமி என்றார். அடுத்த கிழமை கரிநாள் என்றார். அதற்கடுத்த கிழமை மரணயோகம். "எடுத்த காரியம் துலங்க வேணும் தம்பி, அவசரப்படக்கூடாது" என்று சொல்லி, பழைய பெயின்றை இன்னும் கொஞ்சம் சுரண்டச் சொன்னார். மாமா சுரண்டினார். நான் கராஜ் வாசலில் நின்று, பஞ்சாங்கத்தைக் கண்டுபிடித்தவனை நோர்வே மொழியில் திட்டினேன்.

எனக்கு அவசரம் இருந்தது. யூன் மாதத்தில் பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன் எங்கள் வகுப்புக்கு ஒரு கோடை ஒன்றுகூடல். பெற்றோர் சாப்பாட்டோடு வருவார்கள். அதற்கு நான் அந்தக் காரில் வந்து இறங்குவேன் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். மாமா எனக்குக் கைமேல் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பவில்லை. அதனால்தான் எனக்கு அது உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது.

மே மாதக் கடைசியில் பெயின்ற் அடித்தார்கள். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் பெயின்ற் விசிறும் துவக்கை இரவல் கொடுத்து, தானும் வந்து நின்று பக்குவம் சொன்னார். மாமாவின் காதுக்குள் அமுக்கிய பஞ்சு, கண்ணில் கண்ணாடி. ஆகவே நோர்வேக்காரர் சொன்னதை அப்பாதான் பிறகு எல்லோருக்கும் தமிழில் திருப்பிச் சொன்னார். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கும், ஒரு மாதத்துக்கு ஈரமோ சாயமோ படக்கூடாது, பட்டால் ஊறிவிடும், ஓடலாம் ஆனால் தொடக்கூடாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, ஒரு விரல்கூட வைக்கக்கூடாது, என்ன?" என்று விரலை ஆட்டிச் சொன்னார். கரு நீலம். ஏரியில் மாலை நேரம் தெரிகிற நீலம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் அதைப் பார்த்தேன்.

ஒன்றுகூடலுக்கு இரண்டு நாள் இருக்க, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா தட்டைப் பார்த்தபடி, "முடிஞ்சுது அக்கா. இனிப் பூட்ட ஒண்டும் இல்லை" என்றார். பிறகு, "கார் முடிஞ்சால் எனக்கும் வேறை அலுவல் ஒண்டும் இல்லை" என்றார். மிக நிம்மதியாகச் சொன்னார். எனக்குப் பெரிய சந்தோசம். வேறு அலுவல் இல்லையென்றால் விடுமுறை முழுக்க என்னை ஏற்றிக்கொண்டு திரியலாம்தானே. அப்பா புட்டைக் குழைத்த கையோடு அப்படியே இருந்தார். அம்மா எழும்பித் தண்ணீர் எடுக்கப் போனவர், குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார்.

அடுத்த நாள் பின்னேரம் மாமா குளிக்கப் போன நேரம், அப்பா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது காரின் மூக்கில், நடுவில், உள்ளங்கை அகலத்தில் குழைத்த சந்தனம். அதற்கு மேல் குங்குமம். போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று குறி. நான்கு ரயருக்கும் அடியில் தேசிக்காய். நல்ல நேரம் முடிவதற்குள் வைத்துவிட்டாராம். நான் போட்ட கூச்சலில் அயல்வீட்டு நாய் குரைத்தது. மாமா ஈரத்தலையோடு ஓடிவந்து துணியால் துடைத்தார். சந்தனம் போனது. சிவப்புப் போகவில்லை. கரு நீலத்துக்குள் ஊறி, விரல் அடையாளங்களோடு, கத்தரிப்பூ நிறத்தில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது.

"புதுக் காருக்குப் பொட்டு வைக்காமல் எப்பிடியடா தம்பி ரோட்டிலை விடுறது?" என்றார் அப்பா. உலகத்திலேயே இந்தப் பிழையை எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும் விட்டிருக்கமாட்டார்கள்.

மாமா அந்தக் கறையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். ஒரு பழைய ரயரில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார், திரும்பவும் சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது. வாழ்க்கை நாசமாகிக்கொண்டிருக்கும்போது ஒருவர் சிரித்தால் எப்படி இருக்கும்? அம்மாவாவது அப்பாவை நாலு கேட்பார் என்று வீட்டுக்கு ஓடினேன். அம்மா கேட்கவில்லை. அப்பாவுக்குப் பெரிய கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், நிறையச் சீனி போட்டு. கோபம் தலைக்கேறினால் பேச்சு வராது என்று எங்கோ கேட்டிருந்தேன், இதுதான் அது என்று நினைத்தேன்.

மாமா இந்தக் கோலத்தில் காரை வெளியில் விடமாட்டேன் என்றுவிட்டார். ஒன்றுகூடலுக்கு நான் அம்மாவோடு நடந்து போனேன், அங்கே மடியில் அம்மா பொரித்த ஒரு பெட்டி ரோல்ஸோடு இருந்தேன். கார் எங்கே என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். குங்குமம் என்றால் என்ன, அதை ஏன் காருக்குப் பூச வேண்டும், ஏன் அதுவும் ஈரப் பெயின்றில் பூச வேண்டும் என்று நோர்வே மொழியில் விளங்கப்படுத்த முயன்று, பாதியில் விட்டுவிட்டேன். அப்பாவோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. அப்பா அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, அவர் எந்நேரமும் கராஜில் நின்றார்.

மூக்கை மட்டும் சுரண்டி அடித்தால் நிறம் ஒத்துவரவில்லை. பக்கங்களையும் சுரண்ட வேண்டியதாயிற்று. அப்படியே கோடை முழுவதும் போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் கோடையில் கராஜிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தபடி இருந்தது. மாமா தாடியை எடுத்தார். கிழமைக்கு ஒரு நாள் எங்கோ யாரோடோ கதைக்கப் போய்வரத் தொடங்கினார். நிலக்கீழ் அறையின் திரை திறந்திருந்தது. ஒருநாள் மேசையில் குளிசைப் பெட்டியைக் கண்டேன், பழைய இடத்திலேயே.

இலை பழுத்து விழும் காலத்தில் கார் இரண்டாம் முறை முடிந்தது. துரொண்ட்ஹெய்மில் பழைய வேலையிடத்தில் மாமாவைத் திரும்ப எடுத்திருந்தார்கள். பனி விழுவதற்கு முன் ஓடிப் போக வேண்டும் என்றார். பையை ஏற்றினார், என்னை ஏற்றி ஸ்டோவ்னரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து இறக்கினார். எஞ்சின் சத்தத்துக்கு ஆட்கள் பல்கனியில் வந்து நின்று பார்த்தார்கள். என் வகுப்பில் ஒரு நாய்க்குட்டியும் அன்றைக்கு வெளியில் வரவில்லை.

புறப்படும் நேரம் அப்பா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ். எனக்கு உயிர் போய் வந்தது. அவர் காரின் மூக்கருகே போய் விரலால் சந்தனத்தைக் குழைக்கவும், மாமா இறங்கி வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"காணும் அத்தான்," என்றார். "இனி எனக்கு வேறை அலுவல் இருக்கு."

அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாமாவும் கையை விடவில்லை. பிறகு அந்தச் சந்தன விரலை எடுத்து மாமா தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். கார் வளைவில் திரும்பி மறைந்ததும் அப்பா உள்ளே போய்க் குளியலறைக் கதவைப் பூட்டினார். குழாய் வெகுநேரம் ஓடியது. ஒரு விரல் சந்தனத்தைக் கழுவ இவ்வளவு தண்ணீரா என்று அம்மாவைக் கேட்டேன். சத்தம் போடாமல் இரு என்றார் அம்மா.

நான் சந்தோசமாக என் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெறுங்கராஜுக்குப் போனேன். கடைசியில் ஒருவராவது அப்பாவைக் கையைப் பிடித்து நிறுத்தினாரே என்று பெரிய திருப்தி. ஒரு மாதத்துக்கு ஒரு விரல்கூட வைக்கக்கூடாது என்று நோர்வேக்காரர் சொன்னதை எங்கள் எல்லோருக்கும் தமிழில் சொன்னவர் அப்பாதான் என்பது அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.