முருகேசு அண்ணை பாடாத சொல்

துணுக்காய் முருகேசு அண்ணை காலமாகிவிட்டார். அவருடைய மகள் காலையில் போன் பண்ணிச் சொன்னா.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. அறுபதுகளில் எங்கள் அன்ரன் போட்ட புளூஸ் இசைத்தட்டில் பாடியவர் அவர்தான்…

பாட இருந்தது நான்.

அன்ரன் கொழும்பில் ரொக் குழுவில் கிற்றார் வாசித்தவன். கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டான புளூஸைத் தமிழில் எழுதி, பாட ஆள் தேடினான். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு வாங்கிய திமிரில் போய் நின்றேன்.

இரண்டு பாட்டுக் கேட்டான். "வடிவாத்தான் பாடுறாய். ஆனா உனக்கு ஒண்டும் நடந்த மாதிரித் தெரியேல்லையடா."

ஒரு கிழமை அவனோடு கதைக்கவில்லை.

பிறகு துணுக்காயில் தெரிந்தவர் வயலில் சூடடிப்பு, எருமைகளை மிதிக்கவிட்டு நெல் பிரிக்கிற வேலை. இரண்டு பேரும் போனோம். எருமைகளுக்குப் பின்னால் நடந்தபடி ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வரியும் இரண்டு தரம், பிறகு அதற்கு ஒரு மறுமொழி, புளூஸில் வருகிற மாதிரியே…

அன்ரன் என் கையைப் பிடித்தான். "இவர்தான்."

வாய் நிறைய வெற்றிலை. நடுவில் மாட்டுக்கு ஒரு அதட்டல். இந்த மனுசனுக்காகவா என்னை விட்டான் என்று வயிறு எரிந்தது.

அந்தக் களத்து மெட்டையே அன்ரன் மெதுவாக்கி ஒரு பாட்டுச் செய்தான். ஒலிப்பதிவு செய்த நாள் அண்ணை அருமையாகப் பாடினார். கடைசி வரி, "குளத்தில தண்ணி இல்லை". "தண்ணி" வரை வந்து நிறுத்திவிட்டார். மூன்று தரமும் அப்படித்தான்.

"களத்துப் பாட்டில அந்தச் சொல்லுச் சொல்லக்கூடாது தம்பி. நெல்லுக் குறைஞ்சிடும்."

அன்ரன் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். அண்ணைதான் என்னைக் காட்டினார். "அதை மட்டும் இவர் பாடட்டும். கடைக்காரற்ர மகன்தானே, நெல்லு விதைக்கிற ஆளோ, ஒரு பழியும் வராது."

பாடினேன். ஒரே ஒரு சொல்.

தட்டு வந்தபோது உறையில் என் பெயரும் இருந்தது. "பாட்டை முடிச்சது அவர்தானே" என்று அண்ணைதான் போடச் சொன்னாராம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எங்கே கண்டாலும், "என்ர மிச்சச் சொல்லு வாறார்" என்பார்.

இன்று கனடாவில் இருக்கும் அன்ரனுக்குப் போன் எடுத்தேன். "முருகேசு அண்ணை…" என்று தொடங்கினேன், அதற்கு மேல் வரவில்லை.

அன்ரனுக்கு விளங்கிவிட்டது. "சொல்லடா. நீதானே சொல்லவேணும்."

"இல்லை" என்றேன்.

போயிட்டு வாங்கோ அண்ணை.