ஞாயிற்றுக்கிழமை வள்ளம்

2012 பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று; கைக்குட்டையை நீட்டிப் பிடித்தால் நுனி மட்டும் அசையும். குளச்சலுக்கு மேற்கே இரண்டு ஊர் தள்ளி ஒரு கடற்கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி மணலில் ஏற்றிவைத்த மீன்பிடி வள்ளங்கள், நூற்று முப்பத்தேழு. இரண்டு முறை எண்ணினேன். என்னுடைய ஒரே நாவலின் பதினோராம் அத்தியாயத்தைத் தொலைக்காட்சிக்காக அன்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடிக்கப் போன வள்ளம் கால் மணி நேரம் முன்பே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

நான் புள்ளிவிவரத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்தவன். வீடு தோவாளைப் பக்கம். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை அறுத்து, அடித்து, எடை போட்டு எழுதுவது என் வேலை. ஒரு கதிர் கயிற்றுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்று விவசாயிகளோடு அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். நாவலையும் அதே பழக்கத்தில்தான் எழுதினேன். ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2004இல் வெளிவந்தது. நாற்பத்தாறு அத்தியாயம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு கொலை.

கதை இருட்டானது. கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற ஒருவன் சொல்லும் கதை. ஒரு விடியற்காலையில் வள்ளம் கரையேறுகிறது. குவித்துக் கிடக்கும் மீனுக்கு அடியில் ஒரு மனிதனின் கை தெரிகிறது. ஏலக்காரன் அதைப் பார்த்துவிடுகிறான். பார்த்தும் ஏலத்தை நிறுத்தவில்லை. அங்கிருந்து அவன் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குகிறான். நல்லவன் என்று யாரும் அந்தக் கதையில் கிடையாது. துப்பறிகிற போலீஸ்காரனும் இல்லை. அதற்காகக் குளச்சல் பக்கம் பதினோரு முறை போய், ஏலம் எப்படி நடக்கிறது, கூடையில் எத்தனை கிலோ நிற்கும், ஐஸ் எவ்வளவு நேரத்தில் உருகும் என்று குறிப்பெடுத்தேன். நாவலில் பிழையே இல்லை என்பது என் பெருமை. வேறு பெருமை எனக்கு இருந்ததில்லை.

2011 கடைசியில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். திருவனந்தபுரத்தில் சினிமா படித்தவள். என் நாவலை நான்கு பகுதிகளாகத் தொலைக்காட்சிக்கு எடுக்க அனுமதி கேட்டாள். கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. என் புத்தகத்தின் இரண்டு பிரதிகளை முதுகைக் கிழித்துத் தனித்தனித் தாளாக்கிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாள். தாளுக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா, அதனால் இரண்டு பிரதி.  பக்கத்தில் போய்ப் பார்த்தால், வரிக்கு வரி நிறம் பூசியிருக்கிறாள். கண்ணால் பார்க்க முடிவது பச்சை. காதால் கேட்க முடிவது நீலம். மற்றதெல்லாம் சிவப்பு, சிவப்பு படத்தில் வராது.

சுவரை முழுவதும் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் பச்சையும் நீலமும் சேர்த்து முப்பத்தெட்டுப் பக்கம் தேறும். பதினோராம் அத்தியாயத்தில் ஏலக்காரன் கையைப் பார்த்த பிறகு மனதுக்குள் பேசுவது பத்தொன்பது பக்கம். ஒரு பச்சைக் கோடுகூட இல்லை. நான் மூன்று முறை மாற்றி எழுதிய பக்கங்கள் அவை.

“இதெல்லாம் போச்சா?” என்றேன்.

“போகாது சாரே. வேற எங்கயாம் போய் இருக்கும். அது எங்கெண்ணு கண்டுபிடிக்கதுதான் என் சோலி” என்றாள்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்து ஒருவித பயமும் மரியாதையும் வந்தன. நான் ஒன்பது ஆண்டு கட்டியதில் எது கண்ணுக்குத் தெரிகிறது, எது தெரியவில்லை என்று எனக்கே அதுவரை தெரியாது. அவள் ஒரு மாதத்தில் கயிறு கட்டி அளந்துவிட்டாள்.

ஜனவரியில், வள்ளக்காரனாக நடிக்க ஒரு உண்மையான வள்ளக்காரரையே பிடித்தாள். ஐம்பது வயது, கனத்த குரல், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர். அவருக்குக் கதையைச் சொன்னபோது நானும் இருந்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கத நல்ல கத சாரே. ஆனா ஞாயிறாச்ச எவன் வள்ளம் எறக்குவான்? ஏலம் யாரு விளிப்பா, பள்ளியில பூச வைக்கிற சாமியா?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். அந்தக் கடற்கரைகளில் சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை யாரும் கடலுக்குப் போவதில்லை. பள்ளியில், அதாவது தேவாலயத்தில், பூசைக்குரிய நாள். ஊர்க் கமிட்டியின் கட்டுப்பாடு. மீறினால் தண்டனை உண்டு. கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

என் நாவலில் வள்ளம் வருவது ஞாயிற்றுக்கிழமை. ஏன் ஞாயிறு என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அலுவலகங்களுக்கு விடுமுறை, பெரிய அதிகாரிகள் இருக்க மாட்டார்கள், பிணத்தை மறைக்க ஒரு நாள் கிடைக்கும். உத்தியோகம் பார்த்தவனின் புத்தி. நான் கடற்கரைக்குப் போன பதினோரு முறையும் வேலை நாட்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். ஆறு நாளைக் கணக்கெடுத்துவிட்டு ஏழாவது நாளையும் அதே மாதிரி எழுதிவிட்டேன். எட்டு ஆண்டுகளாக அது அச்சில் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “ஒரு கதிரு உள்ளயா வெளியயாண்ணு சண்ட போடுவியளே, ஒரு கெழமைய முழுசா விட்டுட்டியளே” என்று சொல்லிவிட்டு அவள் உளுந்தை அரைக்கப் போய்விட்டாள்.

நாவலில் ஞாயிறு என்ற சொல் பதினேழு இடத்தில் வருகிறது. பதினேழையும் திங்கள் ஆக்கி, அதனால் மாற வேண்டியவற்றையும் எழுதி, நான்கு பக்கக் கடிதம் தயார் செய்து மார்த்தாண்டத்துக்கு எடுத்துப் போனேன். படம் வந்தால் கடற்கரை மக்கள்தான் முதலில் பார்ப்பார்கள். அவர்கள் சிரித்துவிட்டால் என் ஒரே புத்தகம் அத்தோடு முடிந்தது. என் கவலை அது ஒன்றுதான்.

அவள் கடிதத்தை முழுவதும் படித்தாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“மாத்தாண்டாம் சாரே. அந்தப் பத்தொம்பது பக்கம் எங்க போச்சுண்ணு தேடிக்கிட்டு இருந்தேன். கிட்டிப்போச்சு. திங்கக்கெழம வந்தா அது ஒரு வள்ளம். ஞாயிறு வந்தா அது குத்தம். வள்ளமெல்லாம் மணலுல கெடக்கும்போ ஒண்ணு மட்டும் கடலுலருந்து வருது. பாக்கவனுக்கு வேற என்ன சொல்லணும்?”

 என் ஏலக்காரன் பத்தொன்பது பக்கம் மனதுக்குள் புழுங்கியதை அவள் ஒரு கிழமையில் வைத்துவிட்டாள். அதுவும் நான் தவறாகப் போட்ட கிழமையில். ஒரு நாவலைப் படமாக்குவது என்றால் வெட்டிச் சுருக்குவது என்று நினைத்திருந்தேன். அது வேறு ஏதோ என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் என் பயம் குறையவில்லை, கூடிவிட்டது. ஒரு பிழையின் மேல் முழுக் கதையும் ஏறி நிற்கப் போகிறது.

வள்ளக்காரரின் ஊரில் ஞாயிறு அன்றே எடுக்க வேண்டும் என்றாள்; அன்றுதான் எல்லா வள்ளமும் கரையில் இருக்கும். அதற்குக் கமிட்டியின் சம்மதம் வேண்டும். என்னையும் கூட்டிப் போனாள். பள்ளியை ஒட்டிய அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, முன்பு கப்பலில் வேலை பார்த்தவராம். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஞாயிறு வள்ளம் எறங்கினதா எழுதியிருக்கீரு. தெரிஞ்சு எழுதினதா, தெரியாம எழுதினதா?”

வழியெல்லாம் பேருந்தில் நான் ஒரு பதிலை ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்: தெரிந்துதான் எழுதினேன், குற்றத்தின் அழுத்தத்தைக் காட்ட. நல்ல பதில். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. “தெரியாமல்தான். நான் ஞாயிற்றுக்கிழமை ஒருநாளும் இங்கே வந்ததில்லை” என்றேன்.

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

“தெரியாம எழுதினதுண்ணா எடுத்துக்கிடுங்க. தெரிஞ்சே எங்க ஆளுவள இப்பிடி எழுதியிருந்தா விட்டிருக்க மாட்டோம்.”

நிபந்தனை ஒன்று போட்டார்கள். முதல் பூசை நேரத்தில், ஆள் இல்லாதபோது எடுத்து முடித்துவிட வேண்டும். வள்ளம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பலாம். பார்வைக்கு வலை அதில் கிடக்கலாம். வலை நனையக் கூடாது. ஏலக் காட்சிக்கு வேண்டிய மீனைச் சனிக்கிழமையே வாங்கி ஐஸில் வைத்தோம்.

அந்த ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு வள்ளம் இறங்கியது. ஏழு ஐந்துக்கு வர வேண்டும். நான் கடிகாரத்தைப் பதினான்கு முறை பார்த்தேன். ஏழேகாலுக்குப் பள்ளியில் மணி அடித்தது. பூசை முடிந்து மக்கள் வெளியே வந்து, கரையில் என்ன நடக்கிறது என்று பார்க்க மணலில் இறங்கினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் வள்ளம் வந்தது. அந்தப் பெண் படம் பிடிப்பவரின் தோளில் கையை வைத்து, நிறுத்தாதே என்று அழுத்தினாள்.

வள்ளம் மணலில் முட்டியது. வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில் சாளை மீன், உயிரோடு துள்ளிக்கொண்டு, இரண்டு கூடை அளவுக்கு.

 பெண்கள் நடந்து வந்த இடத்திலேயே நின்றார்கள். ஒருத்தி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஏலக்காரனாக நடிக்க நாகர்கோவிலிலிருந்து வந்தவர் முதல் விலையைக் கூவ வேண்டும். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கமிட்டிப் பெரியவர் கூட்டத்தை விட்டு நடந்து வந்தார். கேமராவை அவர் பார்க்கவே இல்லை. குனிந்து வலையைத் தொட்டார். விரல்களைப் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

 வீட்டில் உட்கார்ந்து நான் தப்பாக எழுதிய ஒரு விடியற்காலை, என் கண் முன்னால், நான் எழுதியதைவிடச் சரியாக நடந்துகொண்டிருந்தது. அந்த முகங்களில் இருந்ததைச் சொல்ல என்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் போதாது. பின்னால் தொலைக்காட்சியில் வந்தபோது அந்தக் காட்சியை நேரம் பார்த்தேன்: இரண்டு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. கரையில் எண்பத்து நான்கு பேர். ஒரு வசனம்கூடக் கிடையாது.

வள்ளக்காரர் தலையைக் குனிந்து நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்:

“நடிச்சிட்டு திரும்பத்தான் செஞ்சேன் சாரே. சாளை மேலுக்கு வந்து கூட்டமா பொரிஞ்சு கெடக்கு. கை தானா போச்சு. கரையில கால் வச்சப்பதான் ஞாயிறுண்ணே ஓர்ம வந்தது.”

முப்பத்தைந்து ஆண்டு கடலுக்குப் போன கை. ஐஸில் வைத்த மீனுக்காக வெறும் வலையோடு அந்தக் கை எப்படித் திரும்பும்? வலை போடச் சொன்னாயா என்று அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அன்று மாலையே கமிட்டி கூடியது. காட்சியை அழித்துவிட வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும்தான்.  மீனைப் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும், தெண்டம் கட்டிவிட்டால் அது தீர்ந்த விஷயம், தீர்ந்ததை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றார் அவர். அவள் உடனே படத்தின் பணத்திலிருந்து கட்டுவதாகச் சொன்னாள். சினிமாப் பணம் வேண்டாம், குற்றம் செய்தவன்தான் கட்ட வேண்டும் என்றார்கள்.

வள்ளக்காரர் எழுந்தார். “மீனு போச்சு, அது என் தெண்டம். ஞாயிறு எறங்கச் சொன்னது நானா? அது அச்சடிச்ச பொஸ்தகத்துல கெடக்கு.”

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவரின் உதட்டோரம் அன்றைக்கு முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. “தெண்டத்த எழுதினவரு கெட்டட்டும்” என்றார்.

எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப் பிறகு, நானே போய்க் கட்டினேன். ரசீதில் வள்ளத்தின் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார்கள்; குற்றம் என்ற இடத்தில், ஞாயிறு வள்ளம் இறக்கியது. அபராதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, போகவரப் பேருந்துக்கு ஐம்பது, பள்ளியில் ஏற்றிய மெழுகுவர்த்திக்குப் பத்து. ஆக மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய்.