அருவருப்புக்கு ஒரு படம்

கீரனூர் சந்தைக்குப் பக்கத்தில் சைபுல்லாவின் கறிக்கடை. கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்து ஆட்டுக்குடல் அலசுவது ஆரோக்கியம்மாளின் வேலை. குடலைப் புரட்டிப்போட்டு, வெந்நீரில் முக்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்து, வெளுத்த துணி மாதிரி எடுத்துக் கொடுப்பார். "ஆரோக்கியம் அலசுனதுதானே?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

அவர் இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்தது மருமகளுக்காக. ஹைதராபாத்தில் ஓட்டல் சமையல்காரனாக இருக்கும் மகன் ஜெரோம், கூட வேலை பார்த்த நாகாலாந்துப் பெண் அகும்லாவைக் கல்யாணம் செய்துகொண்டான். வீடியோ காலில் அவள், "அம்மா, சாப்பாடு?" என்பாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவர் "எஸ், எஸ்" என்பார். அதற்குமேல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சிரித்தே எத்தனை நாள் ஓட்டுவது?

ரீசார்ஜ் கடையில் வேலை பார்க்கும் ரஞ்சிதாதான் போனில் அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்தாள். ஒரு குரல் இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லும். கீழே தமிழில் அர்த்தம் வரும். நான்கு படங்களில் சரியானதைத் தொட வேண்டும். சரியென்றால் படத்தைச் சுற்றிப் பச்சை வட்டம், தப்பென்றால் சிவப்பு. மத்தியானம் கடை அடைத்த பிறகு ஆரோக்கியம்மாள் அதோடு உட்கார்ந்துவிடுவார். ரெயின், ஹங்ரி, டயர்ட் என்று ஒவ்வொன்றாய் வாய்க்கு வந்தது. எட்டாவதோடு நின்ற படிப்பு மறுபடி தொடங்கியதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு நாள் அந்தக் குரல், "டிஸ்கஸ்டிங்" என்றது. கீழே 'அருவருப்பான' என்று வந்தது. ரோஜாப்பூ ஒன்று, தூங்கும் குழந்தை ஒன்று, கடற்கரை ஒன்று. நான்காவது படத்தில் கையில் குடலோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தன்னைப் போலவே யாரோ என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு சேலையைப் பார்த்தார், பின்னால் இருந்த தொட்டியைப் பார்த்தார். அவரேதான்.

போன வருஷம் கேமராவோடு ஒரு பையன் வந்திருந்தான். உழைக்கும் பெண்களைப் பற்றித் திருச்சியில் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னான். கையைக் கழுவ எழுந்தவரை, "வேண்டாம்மா, வேலை செய்யிற மாதிரியே இருங்க" என்று உட்காரவைத்தான். அவரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சிரித்துக் காட்டினார்.

ஆரோக்கியம்மாள் ரோஜாவைத் தொட்டார். சிவப்பு. குழந்தையைத் தொட்டார். அதுவும் சிவப்பு. கடற்கரையும் சிவப்பு. கடைசியில் போன் தானாகவே அவருடைய சிரிப்பைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டு, உற்சாகமாக இன்னொரு தடவை சொன்னது: "டிஸ்கஸ்டிங்!"

இத்தனை வருஷம் குடலும் சாணமும் அள்ளியபோது வராத குமட்டல் அன்றைக்கு வந்தது. வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார்.

மறுநாள் படத்தைப் பார்த்த சைபுல்லா சிரித்துவிட்டார். "என்ன ஆரோக்கியம், போட்டோவெல்லாம் பெரிய எடத்துல வருது!"

"கீழ என்ன எழுதியிருக்குன்னு படிங்க பாய்."

படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. உடனே, அந்தக் கேமராக்காரன் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கேட்டுத்தானேங்க எடுத்தேன்?" என்றான் அவன். "ஒரு வெப்சைட்டுல வித்துட்டேன். வாங்குறவங்க எதுக்குப் போடுறாங்கன்னு நான் பார்க்க முடியுமா? ஆனா படம் நல்லா வந்திருக்குல்ல?"

சைபுல்லா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிப் போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் ரஞ்சிதா அந்த ஆப்புக்குப் புகார் எழுதினாள். அனுப்பிய கையோடு பதில் வந்தது. உங்கள் கருத்துக்கு நன்றி, பரிசாக இருபது வைரங்கள் என்றது.

"வைரமா?"

"வெளையாட்டு வைரம்க்கா. படத்துலதான் மின்னும்."

"என் மொகத்துல துப்பிப்புட்டு, தொடைச்சுக்க மிட்டாய்க் காயிதம் குடுக்குறானா?" என்றார் ஆரோக்கியம்மாள். "விடாத, திரும்ப எழுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை அகும்லா கூப்பிட்டபோது அவரால் சிரிக்க முடியவில்லை. "அம்மா?" என்றாள் அவள். இவர் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, "டிஸ்கஸ்டிங்" என்றார். அவள் முகம் மாறிவிட்டது. பக்கத்திலிருந்த ஜெரோமிடம் படபடவென்று என்னவோ சொன்னாள்.

ஜெரோம் போனை வாங்கி விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "இவ ஊருல மூங்கில் குருத்தைப் புளிக்கவச்சுச் சமைப்பாங்கம்மா. இங்க ஒரு நாள் சமைச்சா. மேல்வீட்டுக்காரங்க கதவைத் தட்டி, இதே வார்த்தையைச் சொல்லிட்டுப் போனாங்க. அன்னையிலருந்து சமைக்கிறதே இல்ல."

"வர்றப்ப அதைக் கொண்டாரச் சொல்லு. நான் சாப்புடுறேன்."

அவன் சொன்னதும் அகும்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து ரஞ்சிதா கறிக்கடைக்கே ஓடிவந்தாள். "அக்கா, ஒங்க படத்தை எடுத்துட்டாங்க!"

போனை நீட்டினாள். ரோஜா, குழந்தை, கடற்கரை அப்படியே இருந்தன. நான்காவதில், சாக்கடைக்குள் மார்பளவு இறங்கி நிற்கும் ஒரு பெரியவர். எந்த ஊர்க்காரரோ. தலையிலும் தோளிலும் சேறு. கேமராவைப் பார்த்து அவரும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நிம்மதிதானேக்கா?"

ஆரோக்கியம்மாள் கையிலிருந்த குடலைத் தொட்டியில் போட்டார். "என்னை எடுத்துப்புட்டு இந்த மனுசனைக் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். இவருக்கு யாரு எழுதுவா? அவருக்கும் எழுது."

"யாருன்னே தெரியாதேக்கா?"

"தெரியாட்டி என்ன? ஆளுதானே?"

ரஞ்சிதா எழுதினாள். இந்தத் தடவை நன்றியும் வரவில்லை, வைரமும் வரவில்லை. ஆரோக்கியம்மாள் அந்த ஆப்பைப் போனிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் மத்தியானம் அகும்லா கூப்பிட்டு, வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டி இங்கிலீஷில் பெயர் சொல்கிறாள். இவர் தமிழில் திருப்பிச் சொல்கிறார். இருவரும் தப்புத் தப்பாகப் பேசிக்கொள்கிறார்கள்.

ரீசார்ஜ் கடைப் பக்கம் போகும்போது மட்டும் ஆரோக்கியம்மாள் எட்டிப் பார்த்துக் கேட்பார். "எடுத்துட்டானா அந்தப் பெரியவரை?"

ரஞ்சிதா தன் போனைத் திறந்து பார்ப்பாள். "இல்லக்கா. இருக்காரு."

"சீ!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் நடையைக் கட்டுவார்.