குற்றாலத்து அருவியும் என் வலது தோளும்

சென்ற ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, இலத்தூரிலிருந்து தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் தனியாகப் போய்வந்தேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள். வீட்டில் நான் மட்டும். தோளில் அறுவை செய்துகொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வைகாசியில் படியில் விழுந்தேன். வலது காறை எலும்பு தோள் மூட்டிலிருந்து விலகி மேலே துருத்திக்கொண்டது. தென்காசியில் கொக்கித் தகடு பொருத்திச் சரிசெய்தார்கள். ஆனியில் தையல் பிரித்த நான்காம் நாள், சாரல் தொடங்கிவிட்டதென்று பேரருவிக்குப் போய்த் தோளைக் காட்டினேன். அருவி அடித்தால் மூட்டு இளகும் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஒரு வாரத்தில் தழும்பு சிவந்து நீர் கசிந்தது. டாக்டரிடம் அருவியைப் பற்றிச் சொல்லவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். பொய் சொல்ல மாட்டேன், கேட்காததைச் சொல்லவும் மாட்டேன். சீழ் வைத்த பிறகு அவரே கேட்டார்.

"ஆச்சி, அருவிக்குப் போனியளா?"

"போனேன்."

மறுபடி திறந்து கழுவினார்கள். ஆறு வாரம் மருந்து. புரட்டாசி முதல் வாரம் தகட்டை எடுத்தார்கள். இனி மூட்டு தானாக நிற்குமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். நிற்காவிட்டால் நான்காவது அறுவை. வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு பெங்களூரில் இருக்கவேண்டும்.

காலை 8.10 பேருந்து, இருபத்தைந்து நிமிடம். பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் எடையைத் தொங்கவிட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள், 450 ரூபாய். டாக்டர் படத்தை இரண்டு முறை பார்த்தார்.

"அப்படியே நிக்குது ஆச்சி. கையத் தூக்குங்க பாப்போம்."

காதைத் தொடும்வரை தூக்கினேன். தனியாக இருக்கலாமா என்று கேட்டேன்.

"தாராளமா இருங்க. தண்ணிக்கொடம் மட்டும் தூக்காதிய."

அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ 150 ரூபாய். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி என்னை விடவில்லை.

"தோள அருவிக்குக் காட்டுங்க ஆச்சி, பிடிப்பெல்லாம் போயிரும்."

சேலையை விலக்கித் தழும்பைக் காட்டினேன்.

"இதென்ன, பூரான் ஊர்ந்த மாதிரி இருக்கு?"

"ஒரே எடத்துல மூணு தடவ தச்சா அப்படித்தான் இருக்கும்" என்றேன். காலை மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பினேன்.

டாக்டர் சொல்லும்வரை அருவி வேண்டாம். தழும்பு சிவந்தாலோ, சுட்டாலோ, கசிந்தாலோ அன்றைக்கே போங்கள். செய்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் மறைத்த நாட்களில்தான் சீழ் ஏறியது.

தென்காசியில் ஏறிய பேருந்தில் இடமில்லை. ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லி, மேல்கம்பியை வலக்கையால் பிடித்துக்கொண்டு இலத்தூர் வரை நின்றே வந்தேன்.