மாஸ்டரின் இரண்டாவது பிரேக்

இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். எறும்புகூட அவரைக் கேட்டுத்தான் சாலையைக் கடக்கும். சரி, சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். பத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எறும்பை விட்டுவிடுங்கள்.

தன் டிரைவிங் ஸ்கூலை மூடிய பிறகும் அதன் பழைய காரை மாஸ்டர் விற்கவில்லை. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் பக்கத்திலிருந்தே நிறுத்துவதற்காக, வாத்தியார் உட்காரும் பக்கமும் அதில் ஒரு பிரேக் உண்டு. மாஸ்டருக்கு மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த இடம் அவர் மனைவிக்கு. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்காரிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு பிரேக்தான். அது போதும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரை ஓட்டவைத்துச் சோதித்த பிறகு, "இப்போதைக்கு ஓட்டலாம்," என்றிருந்தார் டாக்டரம்மா. "ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பப் பாக்கணும். தூக்கம் வர்ற மாத்திரை எதையும் என்னைக் கேக்காம போடாதீங்க. சளி மாத்திரைகூட."

"நீங்க எங்கிட்ட படிச்சவங்கதானே? ரிவர்ஸ்ல தூணை இடிச்சீங்களே!" என்றார் மாஸ்டர்.

இடித்தது உண்மைதான். டாக்டரம்மா மருந்துச் சீட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. மூக்கொழுகலுக்கு மாஸ்டர் தானே போய் மாத்திரை வாங்கிவந்தார். காலையில் ஒன்று போட்டார். போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டார். மனைவிக்குத் தெரியாது. கண் பரிசோதனைக்குக் கிளம்பியபோது அவர் பார்வை எங்கோ இருந்தது.

"என்னங்க, டாக்ஸியில போயிடலாமே?"

"ஏண்டி, சமையக்காரன் வெளியில போயி சாப்பாடு வாங்குவானா?"

முதல் திருப்பத்திலேயே அவள் காலைப் பிரேக்கின் பக்கம் நகர்த்திக்கொண்டாள். சந்திப்பில் சிவப்பு விளக்கு. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி சாலையின் குறுக்கே இறங்கிவிட்டாள். மாஸ்டர் விளக்கைப் பார்த்தார்; பார்த்துக்கொண்டே போனார்.

"என்னங்க! நிறுத்துங்க!"

அவர் கால் அசையவில்லை. அவள் இரண்டு காலாலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றாள். கார் குலுங்கி, உறுமி, அடங்கியது. குழந்தையின் அம்மா வெறித்துப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். குழந்தை விழிக்கவே இல்லை.

மாஸ்டர் மெல்லத் திரும்பினார். "கால் வெச்சது சரிம்மா. கொஞ்சம் முன்னாடியே வெச்சிருக்கணும். நாளைக்கு வரும்போது பயப்படாம வாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை 'வாங்க' என்று சொன்னதில்லை. யாரோ ஒரு மாணவியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையில் இரண்டு குழிகள் காலி. மருந்து மயக்கம் தெளிந்தால் 'ஏண்டி' திரும்பிவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால், தன் கால் இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால்? பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் மாஸ்டருக்கு எல்லாம் விளங்கியது. சாவியை உருவி, ராஜா கிரீடத்தைக் கழற்றித் தருவதுபோல அவள் உள்ளங்கையில் வைத்து, "இனிமே நீயே வெச்சுக்கோ" என்று...

"நிறுத்துங்கக்கா," என்றாள், நான் கதை சொல்வதைக் கேட்டபடி என் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மாஸ்டரின் மனைவி. "ராஜாவும் இல்ல, கிரீடமும் இல்ல. சாவியை நான்தான் உருவினேன். என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு'ன்னு கெஞ்சினார்."