காலி டப்பா

தாராவியில் எங்கள் தெருப் பொதுக் கக்கூஸ் லைனில் எனக்கு முன்னால் நின்ற அந்தத் தடித்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட அவர் மாற்றவில்லை. லைன் நகரும்போதெல்லாம் தன் தண்ணீர் டப்பாவைக் காலாலேயே முன்னால் தள்ளுவார்.

மறுநாள் எனக்குக் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை. வயிற்றைக் கழுவ ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைக் குடித்திருந்தேன். கூடவே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். இந்த லைனுக்குப் பயந்து குடிக்கவில்லை. பலமுறை போய்வந்ததில் நாக்கு வறண்டு, தலை சுற்றியது.

"அண்ணாச்சி, பேதி மருந்து குடிச்சிருக்கேன். என்னய முன்னால விடுங்க."

"இங்க நிக்கிறவன்லாம் வேடிக்கை பாக்கவால வந்திருக்கான்?"

கண் இருட்டி விழுந்துவிட்டேன். முகத்தில் தண்ணீர் அடித்ததும் விழித்தேன். அவர்தான் குனிந்திருந்தார். கும்பிடக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் அவர் கையில் இருந்தது என் டப்பா என்று தெரிந்தது. அவருடையது நிறைந்தபடி லைனிலேயே இருந்தது.

"காலி டப்பாவுக்கு லைன்ல எடம் கெடையாதுல," என்றார். "தண்ணி புடிச்சிட்டு வந்து கடைசில நில்லு."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் லைனில் அதுதான் சட்டம். கதவு திறந்ததும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

விழுந்தபோதே என் அவசரம் லுங்கியில் முடிந்துபோயிருந்தது. அதைப் பார்க்காமல் சொன்னாரா, பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.